பந்தில் படாத வீச்சு

ஈவ்லினுக்கு கோல்ஃப் என்றாலே எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு கணவர் ஃபிரெட்ரிக்கை நந்தனம் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் சனியன் அது. அப்படிப்பட்டவள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற வயதில், கோல்ஃப் கற்றுக்கொடுக்க நம்பகமான ஆள் தேடுகிறாள் என்றதும் சாந்தோம் சர்ச் பங்கில் பாதிப் பேர் வாய்க்குள் சிரித்தார்கள்.

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஃபிரெட்ரிக் மைதானத்திலேயே விழுந்து இறந்ததிலிருந்து, மந்தைவெளி வீட்டுப் பால்கனியில் விடியற்காலை ஒரு சத்தம் கேட்கிறது. மட்டை காற்றைக் கிழிக்கிற 'விஷ்'. அவர் இருந்த காலத்தில் அங்கே நின்று பிளாஸ்டிக் பந்தை அடித்துப் பழகுவார். 'விஷ்', உடனே 'டக்'. இப்போது விஷ் மட்டும்தான். எழுந்துபோய்ப் பார்த்தால் கொடியில் துணி தொங்கிக்கொண்டிருக்கும். அவளுக்குப் பயமில்லை. ஆனால் மனசு ஆறவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொன்னார்கள். பிரமாதமாக ஒரு ஷாட் அடித்தாராம், பந்து போவதைப் பார்த்துச் சிரித்தாராம், அப்படியே சாய்ந்தாராம். நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரிடம் தினம் வேண்டிக்கொள்கிற ஜனங்கள். விதவை கையில் ஒரு நல்ல மரணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார்கள். அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அடித்து முடித்த மனுஷன் தினமும் வந்து பந்தில் படாமல் வீசிவிட்டுப் போவானேன்? ஈவ்லினுக்குக் கணக்கு இடித்தது. அன்று நடந்ததை உள்ளபடி சொல்கிறவரிடம்தான் மட்டை பிடிக்கக் கற்பது, அவர் விட்ட அடியைத் தானே அடித்து முடித்து அவரை நிம்மதியாக அனுப்புவது என்று முடிவு செய்தாள்.

முதலில் வாய்த்த பயிற்சியாளர் ராம்குமார். ஃபிரெட்ரிக்கின் பையைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எல்லாம் லெஃப்ட் ஹேண்ட் செட் மேடம். வித்துடுங்க, நானே புதுசு வாங்கித் தர்றேன்.”

“என் வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு தெரியுமா?”

“தெரியாமலா? பக்கத்துலதானே நின்னேன். என்னா ஷாட் மேடம் அது.”

ஈவ்லின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அடுத்துப் பார்த்தவரும் அதே பாட்டைப் பாடினார், கூடுதலாகக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவன் யாசிர், மைதானத்தில் மட்டைப் பை சுமந்துகொண்டே ஆட்டமும் சொல்லிக்கொடுக்கிற ராயப்பேட்டைக்காரன். “நீங்க ரைட் ஹேண்டு, இது உங்க கைக்கு வராது மேடம்,” என்றான்.

“இதுலதான் கத்துக்கணும்.”

“அப்போ ரொம்ப நாள் ஆவும். அசிங்கமாத்தான் அடிப்பீங்க. பரவால்லியா?”

அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். யாசிர் புல்லைப் பார்த்தான்.

“சார் அடிக்கல மேடம். ஸ்டிக்க ஓங்கி வீசறப்பவே வுழுந்துட்டாரு. பந்து வெச்ச எடத்துலயேதான் இருந்துச்சு, நான்தான் எடுத்தேன். ‘அடிச்சாருன்னே சொல்லுப்பா, பாவம் அந்தம்மா’ன்னாங்க கூட இருந்தவங்க. எனக்கு மனசு வரல. அதான் உங்க வூட்டுக்கே வரல.”

ஈவ்லின் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். வலித்தது. ஒருவராவது பொய் சொல்லவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது.

“நாளையிலேர்ந்து வர்றேன் தம்பி,” என்றாள்.

தவக்காலம் முழுக்கப் பந்தை விட்டுவிட்டு மட்டையால் மண்ணைத்தான் வெட்டினாள். இடுப்பு கழன்றது, யாசிர் ஒருநாளும் பொய்யாகப் பாராட்டவில்லை. ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஒரு காலை, விஷ், உடனே டக். பந்து கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

“போயிட்டு வாங்க,” என்று முணுமுணுத்தாள். யாசிர் காதில் வாங்காதது மாதிரி பந்தைப் பொறுக்கப் போனான்.

மறுநாள் விடியலில் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பால் பாக்கெட் வந்தது, வெயில் வந்தது. எதற்காக இத்தனை அலைந்தாளோ அது நடந்துவிட்டது, அவள்தான் தாங்கவில்லை. அவர் செத்த அன்றுகூட வீடு இத்தனை வெறிச்சென்று இருந்ததில்லை. நானே துரத்திவிட்டேனே என்று அடித்துக்கொண்டாள்.

அடுத்த விடியலில் அவருடைய மட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். யாசிர் சொல்லிக்கொடுத்தபடியே இடதுகைப் பக்கம் நின்று, ஓங்கி வீசினாள். விஷ் மட்டும்.

பந்து வைக்கவில்லை.