மழை கேட்டோம், வரப்பை மறந்தோம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. மழை பெய்ததற்கு.

ஆவணி பொய்த்து, புரட்டாசியும் ஏமாற்றிய பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். ஐப்பசி பிறந்த முதல் வாரமே கொட்டித் தீர்த்தது. மழை பெய்த நாளையெல்லாம் குறித்து வைக்கிற ஆசாமி நான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஐப்பசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு எதற்கு எரிச்சல்? சொல்கிறேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் சுண்டலோடு நின்றபோது சின்னக்கண்ணு வந்தார். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் விவசாயி. அங்கே எங்கள் சபைக்குச் சொந்தமான தைலமரக் காடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே கண்மாய்ப் பாசனத்தில் அவருடைய வயல். நேராகப் போதகரிடம் போனார்.

"சாமி, மழைக்கு நன்றி சொல்றீங்களாமே? நாங்களும் வந்து சொல்லலாந்தான்... ஆனா எங்க கம்மாய்ல காக்கா குளிக்கக்கூடத் தண்ணி இல்ல."

"இவ்வளவு மழை பெஞ்சுமா?"

"எப்புடி வரும்? ஒங்க சாமி மழையக் குடுத்துருச்சு. ஒங்க வரப்பு அத அங்கிட்டே புடிச்சு வச்சுக்கிருச்சு."

யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். தைலமரம் நட்டபோது, மழைநீர் வெளியே ஓடாமல் மரத்துக்கே கிடைக்கட்டும் என்று காட்டைச் சுற்றி இடுப்பளவுக்கு மண்வரப்பு போட்டுவிட்டார்கள். காடு மேட்டில், கண்மாய் பள்ளத்தில். மேட்டில் விழுகிற மழைதான் ஓடையாக இறங்கிக் கண்மாய்க்குப் போக வேண்டும். ஊருக்காக உபவாசம் இருந்து கேட்டு வாங்கிய தண்ணீரை எங்கள் மரங்களே குடித்துக்கொண்டிருந்தன!

சின்னக்கண்ணு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஓடை இறங்குகிற இடத்தில் வரப்பைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவருடைய சம்பா முளைத்து நிற்கிறது. இப்போதைக்கு மழையே போதும். கதிர் வாங்குகிற நேரத்தில் வானம் தராது. கண்மாய்தான் தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பாத கண்மாய் அப்புறம் எங்கே நிரம்பப் போகிறது?

அன்று மாலையே கமிட்டி கூடியது. நானும் அதில் உறுப்பினன். பரவாயில்லையே, என்ன வேகம் என்று வியந்தேன். அவசரப்பட்டு வியந்துவிட்டேன்.

செயலர் ஆசீர்வாதம் தொண்டையைச் செருமினார். "இது சொத்து விஷயம். மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும். கிறிஸ்மஸ் வேலை வேற கெடக்கு... ஜனவரியில பாத்துருவோம்."

"ஜனவரி வரைக்கும் மழை காத்துக்கிட்டு இருக்குமாண்ணே?" என்றேன்.

"ஒங்களுக்கு எப்பவும் குதர்க்கந்தான் தம்பி. நம்ம சுற்றுச்சூழல் ஞாயிறு கொண்டாடலையா? வீட்டுக்கு வீடு மரக்கன்னு குடுக்கலையா?"

கொடுத்தோம். பிளாஸ்டிக் பையில் போட்டு.

"வரப்பத் தொறந்தா மரம் காஞ்சு போயிராதா?" என்று ஒருவர் கவலைப்பட்டார். பூமிக்கடியில் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடுகிற தைலமரம்... காய்ந்துபோகுமாம்!

"இன்னைக்கு வரப்பும்பாய்ங்க, நாளைக்கு ஆட்டப் பத்திவிடுவாய்ங்க" என்றார் இன்னொருவர்.

போதகர் இளைஞர், வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஜெபத்தோட யோசிப்போம்" என்று முடித்துவைத்தார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேட்க வேண்டியதைக் கடவுளிடம் கேட்டாயிற்று. அவரும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது மண்வெட்டி வேலை. அதற்கும் அவரே இறங்கி வர வேண்டுமா?

நம்மவர்களுக்குப் படைப்பின் மீது அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏராளமாக இருக்கிறது. பாட்டில் இருக்கிறது, பிரசங்கத்தில் இருக்கிறது, பளபளவென்று ஃபிளெக்ஸ் பேனரிலும் இருக்கிறது. பூமி முழுவதும் ஆண்டவருக்குச் சொந்தம் என்று உருகி உருகிச் சொல்கிறோம். சபை பெயரில் பட்டா உள்ள இடத்துக்கு வந்ததும் மட்டும் அது சொத்து விஷயமாகிவிடுகிறது. அடுத்தவன் வயலைக் காயவிட்டு நாம் நடுகிற மரக்கன்றை எந்தக் கணக்கில் வைப்பார் கடவுள்? எனக்குப் புரியவில்லை. ஆசீர்வாதம் அண்ணனுக்குப் புரிந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை, விராலிமலைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் நல்ல மழை. புதன்கிழமை போய்ப் பார்த்தேன். கண்மாயில் முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர். ஓடை இன்னும் சலசலத்து இறங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை ஆசீர்வாதம் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, அந்தச் சின்னக்கண்ணு நம்ம வரப்ப வெட்டிப்புட்டான்! போலீஸ்ல புகார் குடுக்கப் போறோம். நாள், நேரம், ஆளு எல்லாம் நீங்கதான் பிசகில்லாம எழுதுவீங்க. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை, காலை, மழைக்கு முன்பு. வரப்பை வெட்டியவர்கள் இரண்டு பேர்.

முதல் பெயர் என்னுடையது.