இருபது விநாடி

கீழ் வீட்டு மாலதிக்கும் எனக்கும் ஆகாது. எங்கள் துணி சொட்டி அவள் வடாம் நனைந்ததென்று கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவள்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. குவார்ட்டர்ஸ் ஆண்டு விழாவில் குழந்தைகள் ஆடும் பாட்டுகளை வெட்டி, ஒரே சிடியில் போட்டுத் தரும் பொறுப்பை நான் ஏற்றேன். மாலதி மகளின் பாட்டுக்கு மட்டும் வால்யூமைப் பாதியாகக் குறைத்தேன். போதாதென்று, சத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி தொடக்கத்தில் இருபது விநாடிக்கு ஃபேட்-இன் போட்டேன். அடுத்த பாட்டு என் மகளுடையது. அதில் கை வைக்கவில்லை.

மேடையில் அந்தக் குழந்தை கையைத் தூக்கியபடி நின்றாள். பாட்டு கேட்கவில்லை. கூட்டம் சிரித்தது. மாலதி சவுண்ட் செட்காரரிடம் பாய்ந்தாள்.

"மத்த பாட்டெல்லாம் நல்லா வந்துச்சே மேடம். இது மட்டுந்தான் கம்மியா கீது," என்றபடி அவர் வால்யூமை முழுக்க ஏற்றினார்.

"பாட்டு மேல பழி போடாதீங்க. உங்க செட்டு பழசு," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏற்றிய வால்யூமை இறக்கவில்லை.

அடுத்து என் மகளின் பாட்டு ஸ்பீக்கர் கிழிய வெடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, அலறியபடி மேடையை விட்டு ஓடிவந்தாள். அவளை வாரித் தூக்கியது மாலதிதான்.

"புள்ளைங்க காது என்னத்துக்கு ஆகும்? அறிவில்ல?" என்று எனக்காகச் சண்டைக்குப் போனாள்.

"இன்னா பண்றது மேடம், செட்டு பழசாச்சே," என்றார் அவர், என்னையே பார்த்தபடி.

மாலதியை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றிலிருந்து துணியை நன்றாகப் பிழிந்துதான் காயப்போடுகிறேன்.