மாப்பிள்ளைக் குதிரையின் லாடம்

குதிரைமேல் உட்கார்ந்து ஊர்வலம் போகிற யோகம் எனக்கு ஏழு வயதில் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. சித்தப்பா கல்யாணம். பெண் அவரோடு வங்கியில் வேலை பார்த்த பஞ்சாபிப் பெண்; வீடு ஜனக்புரியில். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குதிரையேறி வர வேண்டும், அவருக்கு முன்னால் ஒரு பொடியனும் உட்கார வேண்டும். அந்தப் பொடியன் நான். ஜரிகைத் தலைப்பாகை என்ன, பேண்டு வாத்தியம் என்ன! பள்ளிக்கூடத்துப் பயல்கள் ஒருத்தனும் பார்க்கவில்லையே என்பது மட்டும்தான் குறை.

அப்பா ஊர்வலத்தின் கடைசியில் வந்தார். கல்யாணப் பேச்சை எடுத்த நாளிலிருந்து தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. காலையில் சித்தப்பா காலில் விழுந்தபோதுகூட ஒரு வார்த்தை பேசாமல் அட்சதையை மட்டும் போட்டார். அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்திராவிட்டால் அந்தப் பட்டு வேட்டியையும் கட்டியிருக்க மாட்டார்.

பெண் வீட்டுத் தெருமுனையில் குதிரை நொண்ட ஆரம்பித்தது. "குச் நஹீ, பையா", ஒன்றுமில்லை என்று குதிரைக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பார்த்தார். அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சித்தப்பா இறங்கப் போனார். வாசலுக்குப் போகும் முன் மாப்பிள்ளை இறங்குவது அபசகுனம் என்று பெண் வீட்டார் கூச்சல் போட்டார்கள். பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அப்பா ராணுவத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முதல் வேலையாக என்னைத் தூக்கித் தெருவில் இறக்கிவிட்டார். நான் வீலென்று கத்தினேன்.

"எறங்கு" என்றார் சித்தப்பாவிடம். சகுனமாவது ஒன்றாவது, சித்தப்பா உடனே குதித்துவிட்டார்.

அப்பா குதிரையின் தோளிலிருந்து கணுவரை கையால் நீவி, காலை மடக்கித் தூக்கி, பட்டு வேட்டியோடு முழங்கால்களுக்கு நடுவே குளம்பை இடுக்கிக்கொண்டார். "ஆணி சதையில ஏறியிருக்கு. எந்தப் புண்ணியவான் அடிச்சானோ!" டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒருவர் குறடு கொண்டுவந்தார். அப்பா மடங்கியிருந்த ஆணி முனைகளை நிமிர்த்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஓர் ஆணியோடு ரத்தம் வந்தது. குதிரை துள்ளியது.

"தலையைப் பிடிடா! மூஞ்சியைத் தடவிக் குடு, பயப்படுது பாரு."

"சரிண்ணா." தன் முகத்தை மூடியிருந்த பூச்சரங்களை ஒதுக்கிவிட்டு, சித்தப்பா குதிரையைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவின் கண் கலங்கியிருந்தது.

லாடம் கழன்று வந்தது. "இனிமே இது ஆளைச் சுமக்காது. வாடா, நடந்தே போவோம்" என்றார் அப்பா. வேட்டியெல்லாம் சாணியும் ரத்தமும். அப்படியே தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு பெண் வீட்டுக்கு நடந்தார். பேண்டுக்காரர்கள் மறுபடி வாசித்தார்கள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். கல்யாணத்தன்றுகூட அப்பா சித்தப்பாவை இப்படி அதட்டுகிறாரே என்றுதான் அழுகிறாள் என நினைத்து, எனக்கும் மனசு கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

"அழாதேம்மா. நாளைக்கு அப்பா பழையபடி பேசாம இருந்துடுவார்."