தலைகீழாகத் தொங்கிய புழுக்கள்

பெருமுக்கல் மலையடியில் சக்கரபாணியின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையை வாரத்துக்குப் பயிரிட்டு வந்தவள் சவுரியம்மாள். எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி திரண்டு வந்தது. விடிந்ததும் சட்டியோடு போய்ப் பொறுக்குவாள். கை தடித்து அரிக்கும். பத்தாம் நாள், வடக்கு ஓரத்து இலை நுனிகளில் சில புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. தொட்டால் தோல் கிழிந்து கூழாக வடிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொல்லையைப் பார்க்க வந்த சக்கரபாணி, "அதையும் பொறுக்கிக் கொளுத்து. நாளைக்கு மருந்து அடிச்சிடலாம்" என்றார்.

"வேணாங்க. முந்தாநாளு பத்துதான் தொங்கிச்சி. இன்னிக்கு அந்த வரிசை பூரா செத்துக்கினு இருக்குது. அதுங்களுக்கு ஏதோ நோவு வந்திருக்குதுங்க. ரெண்டு நாளு பொறுங்க."

நிலக்காரரிடம் அவள் மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் வரப்பில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலையில் திண்டிவனத்திலிருந்து விவசாய அலுவலர் தாண்டவராயனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அலுவலர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லவேளை, கொளுத்தாம விட்டீங்க. இது புழுவுக்கு வர்ற வைரஸ்ம்மா. செத்ததை அரைச்சி, தண்ணியில கரைச்சி, வடிகட்டித் தெளிங்க. இலையோட தின்னுட்டு மத்ததும் சாவும். வெயில் பட்டா வீரியம் போயிடும், சாயங்காலமா தெளிங்க."

"எம் பொண்ணு இங்கதான் வெளையாடிக்கினு இருக்கும். அதுக்கு ஒட்டிக்காதுங்களா?"

"இந்தப் புழுவைத் தவிர எதையும் தொடாது."

நம்பியும் நம்பாமலும், மகளைப் பக்கத்து வீட்டு சின்னக்கண்ணுவிடம் விட்டுவிட்டு மூன்று சாயங்காலம் தெளித்தாள். பொடிப் புழுக்கள் ஒரு வாரத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. பெரிய புழுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்று தீர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்விட்டன. அவை மொய்த்திருந்த தெற்குப் பாதி வெறும் குச்சியாக நின்றது. வடக்குப் பாதியில் காய் பிடித்தது. கொடி பிடுங்கும்போது சக்கரபாணி ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "நீ சொன்னதைக் கேட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

அடுத்த ஆடியில் அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவள் புழுவின் அளவைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

"இது முத்திப்போச்சி. கையாலதான் பொறுக்கணும். அந்தாண்ட பொடிசா இருக்குது பாருங்க, அங்க தெளிக்கலாம்."