சபையிலிருந்து ஒரு எதிர்ப்பாளர்

போன கிழமை இங்கே நோர்வேயில், குறொன்லாண்ட் பக்கத்துக் கடையொன்றில் சீரகம் வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற பெரியவரின் கோட்டிலிருந்து அந்துருண்டை மணந்தது. சீரகம் எனக்கு மறந்தே போய்விட்டது. அப்பாவும் அப்படி மணக்கிற ஒரு கோட்டோடுதான் அன்றைக்குப் பல்கலைக்கழக மண்டபத்துக்கு வந்திருந்தார்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. இடைக்கால இஸ்லாமிய மெய்யியலில் முனைவர் பட்டத்துக்கு எழுதியிருந்தேன். எதுவும் உடம்பில் படாமல் அந்தரத்தில் மிதக்கும் மனிதன் தான் இருப்பதை அறிவானா என்று ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு பாரசீக மருத்துவர் கேட்ட கேள்விதான் என் பொருள். (சிரிக்காதீர்கள், இதை வைத்துத்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.) "டொக்டருக்குப் படி எண்டால், நீ படிக்கிற டொக்டர் இதுவோ?" என்று அப்பா தொடக்கத்தில் கேட்டார். பிறகு கோயிலில் யாரோ, "மகள் மதம் மாறிட்டாவோ?" என்று கேட்டுவிட்டார்கள். இஸ்லாம் என்றாலே ஒரு மாதிரிப் பார்த்த காலம் அது. அப்பா கோயிலுக்குப் போவதை விட்டார், என்னோடு கதைப்பதையும் விட்டார். குரோருட்டில் அப்பாவின் வீட்டு மேசையில் என் ஆய்வேட்டு விவாதத்துக்கான அழைப்பை வைத்துவிட்டு வந்தேன். வருவார் என்று நம்பவில்லை.

வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். முதல் தேர்வாளர் என் மூன்றாம் அத்தியாயத்தைப் பிய்த்து உதறினார். நோர்வேயில் தேர்வாளர்கள் மட்டுமல்ல, மண்டபத்தில் இருக்கும் எவரும் ஆய்வேட்டை எதிர்த்துப் பேசலாம். இடைவேளையில் விவாதத்தை நடத்தும் தலைவரிடம் பெயர் கொடுத்தால் போதும். யாரும் கொடுப்பதில்லை. அன்றைக்குத் தலைவர் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "ஒருவர் பெயர் தந்திருக்கிறார். உங்கள் அப்பா."

இரண்டாம் தேர்வாளருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. இத்தனை பேருக்கு முன்னால் அப்பா என்னைக் கைவிடப்போகிறார் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது.

"சபையிலிருந்து எதிர்ப்பாளர், உங்கள் எதிர்வாதத்தைச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். முன்னுக்கு வந்து நின்ற அப்பா விழித்தார்.

"பிள்ளை, வாழ்த்துரைக்கெண்டெல்லோ பேர் குடுத்தனான்?"

எங்கள் விழாக்களில் பெயர் கொடுப்பது அதற்குத்தானே.

"இல்லையப்பா. எதிர்த்துக் கதைக்கோணும்."

எதிர்க்க அவரிடம் வருடக்கணக்கில் சரக்கிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தான் ஓட்டுகிற ட்ராமில் தரிப்பிடம் அறிவிக்கிற அதே குரலில், நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "எனக்கு எதிர்ப்பு இருந்தது. இப்போது இல்லை."

போய் அமர்ந்துவிட்டார். நான் எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

இப்போது நானே தேர்வாளராகப் போய்வருகிறேன். பாதி விவாதங்கள் திரையில் நடக்கின்றன. சபையில் எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்கிறார், பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததுக்குப் போய்விடுகிறார். அப்பா இல்லை. நான் என்னத்தை எழுதினாலும் வீட்டில் அதை எதிர்க்க ஒருவருமில்லை.