ஜெபக்கூட்டத்தில் அலறிய பெட்டிகள்

அபிகெயிலை அந்தப் பெட்டிகள் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா! செனாய் நகரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இன்ஜினியர் வேலை. அவர்கள் செய்யும் பட்டையை நெஞ்சில் ஒட்டினால், இதயத்துடிப்பை இடுப்பிலுள்ள சின்னப் பெட்டிக்குக் கம்பியில்லாமல் அனுப்பும். துடிப்பு தப்பினால் பெட்டி அலறும். பக்கத்து ஊரான கூலாயில் ஒரு முதியோர் இல்லத்தில் பெரியவர்களுக்கு அதை மாட்டிப் பார்த்தார்கள். அவரவர் அறையில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் பெரியவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்ததும் பிடித்தது சனியன். சிக்னல்கள் ஒன்றோடொன்று மோத, எந்தப் பெட்டிக்கும் தன் ஆளின் துடிப்பு கிடைக்காமல் எல்லாம் சேர்ந்து அலறின.

"பட்டை போட்டவங்க கூட்டத்துக்கு வர வேணாம்" என்றுவிட்டார் இல்லத்தின் நிர்வாகி விஜயன்.

திடீர் திடீரென்று மயங்கி விழும் டொரத்தி ஆன்ட்டிக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். பாட்டென்றால் அவருக்கு உயிர். "உள்ள விடு லா. இல்லன்னா இதப் பிச்சுப் போட்டுருவேன்" என்றார். சொன்னால் செய்கிற மனுஷி. பிய்த்துப் போட்டால் அடுத்த மயக்கம் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று அபிகெயில் அன்றே வேலையில் இறங்கினாள்.

அவசரத்தில் அவள் செய்ததோ சுத்தப் பைத்தியக்காரத்தனம். சிக்னலின் பலத்தைக் கூட்டிவிட்டாள். அடுத்த புதன் சோதனைக்காக எல்லாரையும் உள்ளே உட்காரவைத்தபோது, அலறலில் காது கிழிந்தது. பெட்டிகளை அணைத்துவிட்டு, வெளியே வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்து ஜெபித்தார்கள்; ஒரு வார்த்தை விளங்கவில்லை. பிறகு ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்லும் நேரம். ஒருவர் முடித்தபின் அடுத்தவர், அதுவும் மெதுவாக. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"ஆண்டவருக்கு எல்லாம் கேக்கும். என் பெட்டிக்குக் கேக்காதே!" என்று துள்ளி எழுந்தாள்.

பலத்தைக் குறைத்தாள். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, பட்டைகள் ஒவ்வொன்றாக அனுப்பும்படி மாற்றினாள். ராத்தூக்கம் போனதுதான் மிச்சம் என்று வீட்டில் திட்டினார்கள். விட்டாளா? கெட்டிக்காரி!

மறுகூட்டத்தில் டொரத்தி ஆன்ட்டிக்கு நடு பெஞ்ச். பாட்டின் நடுவே அவருடைய பெட்டி அலறியது.

"அலமாக், மறுபடியுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் விஜயன்.

"இது ஒண்ணுதான் சார் கத்துது. மத்ததெல்லாம் சும்மா இருக்கு. இது நெசம்!" என்றாள் அபிகெயில்.

ஆன்ட்டி சிரித்தபடி பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அபிகெயில் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் மயங்கிச் சரிந்தபோது டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்துத் திரும்பி வந்த ஆன்ட்டி, நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை.

"கடைசிச் சரணத்தப் பாட விடாம இழுத்துட்டுப் போயிட்டியேம்மா. வா, இப்ப நீயும் சேர்ந்து பாடு."

நடு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த அபிகெயிலுக்கு, அழுகையில் பாட்டு வரவில்லை.