வேட்டியில் ஒட்டிய வெடிக்காய் விதை

எங்கள் வீட்டு பிரிட்ஜில், பால் பாட்டிலுக்குப் பின்னால், ஒரு டப்பா ஈரமணல் இருக்கிறது. சாப்பிட வந்த நம்மூர்க்காரர் ஒருவர் அதை ஏதோ பொடி என்று எண்ணிக் கரண்டியை விட்டுவிட்டார். "மணலய்யா, உள்ள பூவிதை இருக்கு" என்றேன். இங்கிலாந்துக்கு வந்த பத்து வருடத்தில் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற முகத்தோடு சோற்றைப் பிசைந்தார். அவர் நினைத்ததில் பாதி சரிதான்.

இதற்குக் காரணம் பக்கத்து வீட்டு டோரத்தி அம்மாள். எங்கள் இரண்டு வீட்டுப் பின்சுவரும் வடக்கு பார்த்தவை. வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அந்த நிழலில் முழங்காலிட்டு அவர் காட்டுப்பூ விதைப்பார். இந்த மண்ணிலேயே பிறந்து, வருடாவருடம் வேரிலிருந்து தானே துளிர்க்கும் பூவைத்தான் தேனீ தேடி வரும் என்பார். எனக்கும் ஒரு பொட்டலம் பிரிம்ரோஸ் விதை தந்தார். நான் மதுரைக்காரன், குளிரில் விதை எப்படி முளைக்கும்? தொட்டியை ஹீட்டர் பக்கத்தில் வைத்து என் மப்ளரையும் சுற்றிவிட்டேன். பார்க்க வந்த டோரத்தி, "இதற்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேலி என்று புரியாமல், "இல்லை, குளிருமே என்றுதான்" என்று விளக்கம் வேறு சொன்னேன். ஒரு குளிர்காலத்தைத் தாண்டினால்தான் அந்த விதை கண் திறக்குமாம். பிறகுதான் ஈரமணல், பிரிட்ஜ், ஆறு வாரம். வசந்தத்தில் முளைத்தது. அன்றிலிருந்து நான் விதை விஞ்ஞானி.

விஞ்ஞானி போன ஆவணியில் விடுமுறைக்கு மதுரைத் திருநகரில் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுக் காம்பவுண்டு சுவர் எழுப்பியிருந்தார். சுவர் நிழலும் வேப்பமர நிழலும் விழுந்த கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்தது. வெயில் படும் ஒரே மூலையில் மதினியின் பூசணிக்கொடி. பூவுக்குக் குறைவில்லை, பிஞ்செல்லாம் பழுத்து உதிர்ந்தது.

"தெருவுல ஒருத்தியும் இப்ப எங்கிட்ட நாத்து வாங்க மாட்டேங்குறா, தம்பி. எனக்குக் கைராசி போச்சாம். முன்னெல்லாம் எம்புட்டுப் பேரு வந்து நிப்பாளுக!" என்று சொல்லிவிட்டு மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். "கையில குத்தமில்ல மதினி. வேலி போச்சு, வேலிப் பூவு போச்சு, தேனீயும் போச்சு. நெழல்லயே வளர்ற நம்ம ஊருப் பூவா வெதைப்போம். தேனீ வரும், பூசணி காய்க்கும். நானாச்சு."

அண்ணன் பேப்பரைத் தாழ்த்தாமலே, "களை வெதைக்கவாடா ஏரோப்ளேன் ஏறி வந்த?" என்றார்.

விதை தேடிப் போன பசுமலை அடிவாரத்தில், மர நிழலில், கிரந்திநாயகம் இளம் ஊதாப் பூவோடு நின்றது. சின்ன வயதில் காயைத் தண்ணீரில் போட்டு வெடிக்கவிட்டு விளையாடுவோமே, அந்த வெடிக்காய்தான். காய் பறித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் பிடித்தது. கையிலிருந்த காயெல்லாம் படபடவென்று வெடித்து, நனைந்த விதைகள் பசையாகி வேட்டி முழுக்க ஒட்டிக்கொண்டன. வேட்டியைத் துவைக்கப் போட்டேன். பையில் நனையாமல் மிஞ்சியதை என்ன செய்தேன் என்கிறீர்கள்? ஈரமணலில் கலந்து பிரிட்ஜில் வைத்தேன்!

அண்ணன் வீட்டு பிரிட்ஜ், பூவேலை செய்த துணி போர்த்தி, ஹாலில் வீற்றிருக்கும். அதற்குள் மணலா என்று அண்ணன் குறுக்கே வந்து நின்றார். மதினிதான் மாவுச்சட்டியை நகர்த்தி இடம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து எடுத்து, நிழலில் வரிசையாக விதைத்து, குச்சி நட்டு, நூல் கட்டி, ஊருக்குக் கிளம்பும் நாள்வரை குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

"மதுர வெயில்ல பொறந்த வெதடா. ஐஸுல வச்சா ஜன்னி கண்டுறாதா?" என்று அண்ணன் சிரித்தார். மதினி அந்த வெறும் வரிசைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போனார். அதுதான் உறைத்தது.

தை பிறந்தபின் மதினியின் நீல ஏர்மெயில் வந்தது. "தம்பி, நூல் கட்டின எடத்துல ஒண்ணும் வரல. ஒங்க வேட்டிய அடிச்சு அலசுன துவைகல் ஓரத்துல, வேப்ப நெழல்ல, வெடிக்காச் செடியாக் கெடக்கு. நீங்க இருக்கும்போதே மொளச்சிருக்கு. நூலையே பாத்துக்கிட்டு இருந்ததுல யாரும் அந்தப் பக்கம் பாக்கல. இப்ப விடிஞ்சா தேனீச் சத்தந்தான். புதுசாப் போட்ட கொடியில மூணு பூசணி பிடிச்சு, பொங்கலுக்கு ஒண்ணு அறுத்தேன். எதுத்த வீட்டுக்காரி நேத்து நாத்து கேட்டு வந்தா. ஒங்க அண்ணன் தெனம் அந்தக் களைக்குத் தண்ணி ஊத்துறாரு. நாஞ் சொன்னேன்னு எழுதிராதீங்க."

நேற்று அந்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். விளிம்பு மடிப்பில் ஒரே ஒரு விதை காய்ந்து ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே டோரத்தியின் சுவரோரம் வெள்ளையாகப் பனி. அங்கே நட்டால், இந்த மண்ணில் பிறக்காத இது அவருக்குக் களை. ஒரு பக்கம் பிரிட்ஜ், மறுபக்கம் ஹீட்டர். விஞ்ஞானிக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. விதையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நடுவில் நின்றேன். சற்று நேரத்தில் கை வியர்த்து, விதை பசையாகி ரேகையில் ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தேன். விழவில்லை.